தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதிய மூன்று வரி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வருஷா வருஷம் இந்த மேடையில் நான் வரவு செலவு வாசிப்பேன். எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன், எவ்வளவு நிலுவை என்று வாசித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். இந்த வருஷம் அதை அச்சடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டோம். அதனால் எனக்குக் கொடுத்த நேரத்தில் வேறொரு கணக்கைச் சொல்லலாம் என்று தலைவி அக்காவிடம் அனுமதி கேட்டேன். "என்னத்த சொல்லப் போற?" என்று கேட்டார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்கள். அதனால்தான் இப்போது நிற்கிறேன்.

2011ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போ நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். எங்க குழுவில் ஒரு அக்கா இருந்தாங்க. பேர் சொல்ல மாட்டேன். சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சவங்களும் சொல்லாதீங்க. குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து இருந்தவங்க. கூட்டத்துக்கு முதல் ஆளா வந்து பாயை விரிக்கிறது அவங்கதான். சேமிப்பு ஒரு மாசம் தவறினது கிடையாது.

அந்த வருஷம் தை மாசத்துக்கு அப்புறம் அவங்க கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. குளிக்கிறதில்லை, தலை வாருறதில்லை, கதவுக்குப் பின்னாடியே உட்கார்ந்திருக்காங்கன்னு சொன்னாங்க. கூரை மேல ஆள் உட்கார்ந்து தன்னைப் பத்திப் பேசுறதா சொல்றாங்கன்னு சொன்னாங்க. ஊரில் ஆளுக்கொரு பேச்சு. காத்து கருப்பு அடிச்சிருச்சு, யாரோ செய்வினை வச்சுட்டாங்க, புருஷன் சரியில்லைன்னு. வீட்டில் மந்திரிச்சாங்க, கயிறு கட்டினாங்க. அப்புறம் குணசீலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு மண்டலம், 48 நாள், கோயிலில் தங்க வச்சாங்க. நாங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்.

அவங்க பேரில் உள்கடன் பாக்கி 5,500 ரூபாய் இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து எங்க குழுவுக்கு வங்கிக் கடனுக்கான தரமதிப்பீடு வந்துச்சு. நிலுவை இருந்தா மார்க் குறையும், பத்தொன்பது பேருக்கும் கடன் கிடைக்காமப் போயிரும்னு பயம். அந்தப் பயம் பொய் இல்லை. ஒருத்தி பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டணும், ஒருத்தி மாடு வாங்க முன்பணம் கொடுத்திருக்கா. ஒரு புதன்கிழமை சாயங்காலம் கூடினோம். தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதினேன்:

"தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராததாலும், தவணை செலுத்தாததாலும், மேற்படி உறுப்பினர் குழுவிலிருந்து நீக்கப்படுகிறார். அவரது சேமிப்பு ரூ. 3,900 கடனில் கழிக்கப்படுகிறது. மீதி ரூ. 1,600 வசூலிக்கப்பட வேண்டும்."

மூணு வரி. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துத் தெரியாதவங்க ரேகை வச்சாங்க. மீதி 1,600 ரூபாயை அவங்க அம்மா ஒரு ஆட்டை வித்துக் கொண்டு வந்து கொடுத்தாங்க. நான் எண்ணிப் பார்த்து ரசீது போட்டுக் கொடுத்தேன். கணக்கு சரியாயிருச்சு. அடுத்த மாசம் வங்கிக் கடனும் வந்துச்சு.

இதை அங்கேயே நிறுத்திட்டு என் கதைக்கு வர்றேன்.

2016இல் எங்க அம்மா இறந்தாங்க. அதே வருஷம் மூத்த பொண்ணு கல்யாணம். கல்யாணம் முடிஞ்ச ரெண்டாவது மாசம் எனக்குத் தூக்கம் போச்சு. விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். சோறு இறங்காது. ஒரு நாள் குழுப் பணத்தை எண்ணினேன், 200 ரூபாய் குறைஞ்சுச்சு. திரும்ப எண்ணினேன், சரியா இருந்துச்சு. நம்பிக்கை வரலை. அன்னைக்கு ராத்திரி பதினேழு தடவை எண்ணினேன். எங்க வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுப் பெட்டியைப் பூட்டினார். அப்புறம் பெட்டி பூட்டியிருக்கான்னு எழுந்து எழுந்து பார்த்தேன்.

நெஞ்சு அடிக்குதுன்னா நாம எங்க போவோம்? நெஞ்சு டாக்டர்கிட்டதான். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இ.சி.ஜி., ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க. மூணு தடவை போய் வந்ததில் 14,000 ரூபாய் ஆச்சு. கடைசியில் "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, சும்மா டென்ஷன்" என்று சொன்னாங்க. ஒண்ணுமே இல்லாததுக்கா 14,000 ரூபாய்? ஒண்ணுமே இல்லைன்னா நான் ஏன் தூங்கலை? வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க எல்லாரும் "மனச தைரியமா வச்சுக்க"ன்னு சொன்னாங்க. மனசு என் கையில் இருந்தா வச்சுக்க மாட்டேனா? சில நாள் விடியாமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணியிருக்கு. அதை யார்கிட்டயும் சொன்னதில்லை.

நம்ம நர்சம்மா ஒரு நாள் பிரஷர் பார்க்க வந்தப்போ என் முகத்தைப் பார்த்தாங்க. "எத்தனை நாளா தூங்கலை?"ன்னு கேட்டாங்க. நான் அழுதுட்டேன். "இது மனசுக்கு வர்ற நோய்க்கா. சுகர் மாதிரி இதுக்கும் மாத்திரை இருக்கு. தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வர்ற நாளை விசாரிச்சுச் சொல்றேன்"னாங்க. அந்த ஒரு பேச்சுதான் என்னைத் திருப்பிவிட்டது.

போனேன். கூட்டம். ஓ.பி. சீட்டு வாங்கி ரெண்டரை மணி நேரம் நின்னேன். வரிசையில் தெரிஞ்ச முகம் இருக்குமோன்னு முந்தானையை இழுத்து முகத்தை மறைச்சுக்கிட்டேன். டாக்டர் நல்லவர். ஆனா அவருக்கு எனக்குன்னு ஒதுக்க அஞ்சு நிமிஷம்கூட இல்லை. தூக்கம், பசி, எத்தனை நாளா என்று கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், முதல் வாரம் வாய் வறளும், தூக்கக் கலக்கமா இருக்கும், பயப்பட வேண்டாம்னு யாரும் சொல்லலை. அஞ்சு நாள் சாப்பிட்டேன். படபடப்பு குறையலை, கலக்கம்தான் கூடிச்சு. நிறுத்திட்டேன். ஒரு மாசம் கழிச்சு நர்சம்மா விசாரிச்சுட்டுத் திட்டினாங்க. திரும்பப் போனேன். இந்தத் தடவை எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுட்டுக் கூட வந்தார். பொம்பளைங்க வரிசைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு மாசத்தில் தூங்கினேன். பணத்தை ஒரே தடவை எண்ணிட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

நடுவில் டாக்டர் சொல்லி மாத்திரையைக் குறைச்சு நிறுத்தினேன். 2020இல் திரும்ப வந்துச்சு, திரும்ப ஆரம்பிச்சேன். இன்னைக்கும் ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடுறேன்.

ஆனா உங்ககிட்ட என்ன சொன்னேன்? "பிரஷர் மாத்திரை"ன்னு சொன்னேன். ஏழு வருஷமா சத்து மாத்திரை டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருந்தேன். கூட்டமைப்புப் பணப்பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கு. மனசு மாத்திரை சாப்பிடுறவ கையில் சாவியான்னு யாராவது கேட்டா என்ன பண்றதுன்னு பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சா, 2011இல் நான் எழுதின அந்த மூணு வரியிலிருந்துதான் வந்துச்சு. நம்ம சங்கம் இப்படிப்பட்டவங்களை என்ன செய்யும்னு எனக்கு நல்லாத் தெரியும். எழுதினதே நான்தானே.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஆராய்ச்சி மாணவி நம்ம கூட்டமைப்புக்கு வந்துச்சு. மனநல சிகிச்சைக்குப் போனவங்க, அவங்களைப் பார்த்துக்கிட்டவங்க, அவங்க வாயாலயே அனுபவத்தைக் கேட்கணும்னு சொல்லிச்சு. எது உதவியா இருந்துச்சு, எது உதவியா இல்லை, எதுக்குச் சிகிச்சையை நடுவில் விட்டாங்க, யார் கூடப் போனாங்க, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்கணுமாம். தலைவி அக்கா, "எல்லார் போன் நம்பரும் நம்ம கணக்காளர்கிட்டதான் இருக்கு, அவங்களைக் கேளும்மா"ன்னு என்னைக் கை காட்டிட்டாங்க.

நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது இதுதான்: "எங்க ஊருல அப்படி யாரும் இல்லம்மா."

சொல்லும்போது மாத்திரைப் பட்டை என் கைப்பையில் இருந்துச்சு.

அந்தப் பொண்ணு வற்புறுத்தலை. ரெண்டு பக்கத் தாள் ஒண்ணைக் கொடுத்துட்டு, "படிச்சுப் பாருங்கக்கா, யாருக்காவது வேணும்னா கொடுங்க"ன்னு போயிருச்சு. ராத்திரி படிச்சேன். நாம வங்கியில் போடுற கையெழுத்து எத்தனை! ஒரு தாளையாவது படிச்சிருக்கோமா? இதைப் படிச்சேன். விருப்பமிருந்தா மட்டும் பேசலாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். பாதியில் நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பேசாம விட்டாலும் கிடைக்கிற சிகிச்சையோ சலுகையோ நிற்காது. பேர், ஊர் எதுவும் வெளியில் வராது. பதிவு பண்ணினதை யார் கேட்பாங்க, எங்க வைப்பாங்க, அப்புறம் என்ன பண்ணுவாங்க என்று எல்லாம் இருந்துச்சு. இதைக் கேட்டு உங்க மனசு சங்கடப்பட்டா யார்கிட்ட போகணும்னும் எழுதியிருந்துச்சு.

மூணாம் நாள் நானே போன் பண்ணினேன். "எனக்குத்தான் வேணும்"னு சொன்னேன்.

ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசினேன். முதல் கேள்வியே, "எப்படி ஆரம்பிச்சுதுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்கக்கா"ன்னு கேட்டுச்சு. என் வார்த்தையில் சொல்லுன்னு அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. பதினேழு தடவை பணம் எண்ணின கதையை முதல் தடவையா அந்தப் பொண்ணுகிட்டதான் சொன்னேன். நடுவில் அழுதேன். உடனே பதிவை நிறுத்தி, "இன்னைக்குப் போதுமாக்கா?"ன்னு கேட்டுச்சு. நான்தான் இல்லை, போடுன்னு சொன்னேன்.

இதெல்லாம் கேட்டு என்னம்மா பண்ணுவீங்கன்னு கேட்டேன். நோய் எப்படியிருக்கும்னு டாக்டர் புத்தகத்தில் இருக்கு, சிகிச்சைக்குப் போய்வர்றது எப்படியிருக்கும்னு போனவங்களுக்குத்தான் தெரியும், அது தெரிஞ்சாதான் எங்க ஓட்டை இருக்குன்னு பார்க்க முடியும்னு சொல்லிச்சு. ஒரு உதாரணமும் சொல்லிச்சு. சென்னையில் ஸ்கார்ஃப்னு ஒரு அமைப்பு இருக்கு. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்லப்படுற டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1984இல் ஆரம்பிச்சது. அங்கே இருந்த டாக்டர் தாராவும் கூட வேலை பார்த்தவங்களும், மனச்சிதைவு நோய் வந்து கல்யாண வாழ்க்கை உடைஞ்சுபோன பெண்களையும் அவங்க குடும்பத்தையும் உட்காரவச்சுக் கேட்டாங்க. 2003இல் அதை எழுதி வெளியிட்டாங்க. நோய் வந்த அவமானத்தைவிடப் புருஷன் விட்டுட்டான்ங்கிற அவமானம்தான் பல பேருக்குப் பெருசா வலிச்சுதாம். தாங்க போன பிறகு இவளை யார் பார்ப்பாங்கன்னு பெத்தவங்க கவலைப்பட்டாங்களாம். ரத்தப் பரிசோதனையில் இது தெரியுமா? கேட்டாத்தான் தெரியும்.

பேசி முடிச்சதும், "வேற யாராவது பேச விரும்புவாங்களாக்கா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. எனக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்னேன். ஒரே ஊர். தெருவில் பார்ப்போம், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவேன். அவங்க திண்ணையில் பூக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பார்த்தாங்க.

"என்ன, பாக்கி ஏதும் இருக்கா?"

இதுதான் அவங்க என்னைக் கேட்ட முதல் வார்த்தை.

"இல்லக்கா. எனக்கும் மனசு சரியில்லாமப் போச்சு. ஏழு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்"னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலை. அவங்க பூவைக் கீழ வச்சுட்டு, "உள்ள வா"ன்னாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க. எந்த மாத்திரை, காலையிலயா ராத்திரியா, உடம்பு ஊதுதா, கை நடுங்குதான்னு கேட்டாங்க. அவங்களுக்குக் கை நடுங்கி ஒரு வருஷம் பூக்கட்ட முடியாம இருந்தாங்களாம். டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்கன்னு தெரியாம தானாவே நிறுத்தி, நோய் திரும்ப வந்து, ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்காங்க. இப்போ மாத்தின மாத்திரையில் கை நடுக்கம் இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு முழம்னு கணக்கு வச்சுக் கட்டுறாங்க.

ஆராய்ச்சியைப் பத்திச் சொன்னேன். "எழுதி என்ன ஆகப் போகுது? என்னைப் பத்தி ஏற்கெனவே நீ ஒரு தடவை எழுதினியே"ன்னாங்க. நான் பதில் சொல்லலை. தாளை வச்சுட்டு வந்துட்டேன். பத்து நாள் கழிச்சு அவங்களே ஆள் அனுப்பி, அந்தப் பொண்ணை வரச் சொல்லுன்னாங்க.

கூட்டிக்கிட்டுப் போனேன். நானும் பக்கத்தில் உட்காரலாம்னு போனா, அந்தப் பொண்ணு, "நீங்க வெளியில இருங்கக்கா. உங்க முன்னாடி அவங்களால சிலது சொல்ல முடியாம இருக்கும்"னு சொல்லிருச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசிச்சேன். அது சரிதான். உள்ளே என்ன பேசினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரம் ஆச்சு. நம்ம கூட்டங்களில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் பொழுது சாயறதுக்குள்ள ஊர் முழுக்கப் போயிருது. ஒருத்தங்க பேசுறதைக் கேட்கிறதுக்கு மத்தவங்களை வெளியில் உட்காரவைக்கணும்னு நான் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

இந்த விழாவில் பேசலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன். நேத்து சாயங்காலம் போய், இன்னைக்கு நான் சொல்லப் போற ஒவ்வொண்ணையும் சொல்லிக் காட்டிட்டு வந்தேன். இதைச் சொல்லு, அதை வேணாம்னு சொன்னாங்க. வேணாம்னு சொன்னதைச் சொல்லலை. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. "இதை மட்டும் மறக்காமச் சொல்லு. தவணை கேட்டு நீங்க பதினோரு தடவை வந்தீங்க. நான் கதவுக்குப் பின்னாடி எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒரு தடவைகூட உள்ள வந்து உட்காரலை."

சகோதரிகளே, பதினோரு தடவை போனோமான்னு எனக்கு ஞாபகம் இல்லை. அவங்களுக்கு இருக்கு.

இனி நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய நாலு விஷயத்தைச் சொல்லிட்டு முடிக்கிறேன். அந்தப் பொண்ணுகிட்டயும் நர்சம்மாகிட்டயும் கேட்டு எழுதி வச்சிருக்கேன்.

ஒண்ணு. இது அபூர்வமான நோய் இல்லை. 2015-16இல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு எடுத்துச்சு. பெரியவங்களில் நூறு பேருக்குப் பத்துப் பேருக்கு மேல ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருந்துச்சு. இந்தப் பந்தலில் இருநூறு பேர் இருக்கோம். கணக்கு போட்டுக்கோங்க. நோயைப் பொறுத்து, நூறில் 70 பேரிலிருந்து 92 பேர் வரைக்கும் சிகிச்சை இல்லாமலே இருந்தாங்க. இன்னொண்ணு. மாவட்ட மனநலத் திட்டம்னு 1996இல் நாட்டில் முதன்முதலா நாலு மாவட்டத்தில் ஆரம்பிச்சப்போ, அதில் ஒண்ணு நம்ம திருச்சி. நம்ம மாவட்டத்துக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆகியும், 2011இல் எங்க குழுவில் ஒருத்திக்குக்கூட அது தெரியாது.

ரெண்டு. சட்டம் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடிச்சதில் 28 பேர் இறந்துபோனாங்க. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியலை. டி.வி.யில் பார்த்துட்டு நாம எல்லாம் அழுதோம். 2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்துச்சு. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது. சிகிச்சைக்குச் சேர்த்தவங்க தலையைக் கட்டாயமா மொட்டையடிக்கக் கூடாது. மாதவிடாய்க்கு வேண்டியதைப் பெண்களுக்குக் கொடுக்கணும். மூணு வயசுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமா தாய்கிட்ட இருந்து பிரிக்கக் கூடாது. நோய் விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது. எனக்கு முடியாமப் போனா என் சார்பா பேச இன்னார்னு ஒருத்தரை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அது புருஷனாத்தான் இருக்கணும்னு இல்லை, அக்கா தங்கச்சியா இருக்கலாம், நம்ம குழுவில் நம்பிக்கையான ஒருத்தியாவும் இருக்கலாம். உயிரை விட முயற்சி பண்ணினவங்களைக் குற்றவாளியாப் பார்க்காம, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவங்களா எடுத்துக்கிட்டு உதவி செய்யணும்னும் அந்தச் சட்டம் சொல்லுது. போலீஸ் கேஸ் ஆகுமோன்னு பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க வேண்டாம்.

மூணு. 14416. இந்த நம்பரை இப்பவே போனில் போட்டுக்கோங்க. டெலி மானஸ்னு பேரு. 2022 அக்டோபரில் ஆரம்பிச்சது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம். விடிகாலை மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு இது உதவும். எனக்கு அப்போ தெரிஞ்சிருந்தா நான் கூப்பிட்டிருப்பேன்.

நாலு. மாத்திரையைத் தானா நிறுத்தாதீங்க. சேரலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தருவாங்க. கோயிலுக்குப் போறவங்க போங்க, தர்காவுக்குப் போறவங்க போங்க, நானும் குணசீலத்துப் பெருமாளைக் கும்பிடுறவதான். கும்பிட்டுட்டு மாத்திரையையும் போட்டுக்கோங்க. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருது, திண்ணையில் வச்சு வாங்குறோம். இதுக்கு மட்டும் ஏன் முந்தானையை இழுத்து முகத்தை மூடணும்?

இதை எல்லாரும் மேடையேறிச் சொல்லணும்னு நான் சொல்லலை. சொல்றதும் சொல்லாததும் அவங்கவங்க விருப்பம். சொல்லாதவங்க வீட்டுக்கும் நாம போய் உட்காரலாம்.

இன்னைக்குக் கூட்டமைப்பின் முன்னால் ஒரு தீர்மானம் வைக்கிறேன். ஒரு உறுப்பினர் தொடர்ந்து ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா, பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதறதுக்கு முன்னாடி, ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போகணும். கையில் தவணைப் புத்தகம் எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது. உள்ளே போய் உட்காரணும். உடம்புக்கோ மனசுக்கோ முடியலைன்னு தெரிஞ்சா, தவணைக்கு அவகாசம் கொடுக்கணும். ஆஸ்பத்திரிக்குத் துணை வேணும்னு கேட்டா ஒருத்தர் கூடப் போகணும். போற அன்னைக்கு அவங்களுக்கு ஆகிற பஸ் காசைப் பொது நிதியிலிருந்து கொடுக்கணும். என்ன நோய்னு கூட்டத்தில் வந்து சொல்லக் கூடாது, தீர்மானப் புத்தகத்திலும் எழுதக் கூடாது. குழுவின் தரமதிப்பீடு என்னாகும்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒருத்தி மூணு மாசம் கட்ட முடியலைன்னா மத்த பத்தொன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தத் தவணையைத் தாங்க முடியுமான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011இல் அந்த அக்காவோட தவணை மாசம் 500 ரூபாய். பத்தொன்பது பேரும் ஆளுக்கு 27 ரூபாய் போட்டிருந்தா போதும். அன்னைக்கு அந்தக் கணக்கை நான் போடலை.

அந்த அக்காவைத் திரும்பக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டோம். "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லியிருக்காங்க. யோசிக்கட்டும். அவங்க அம்மா இப்போ இல்லை. அந்த ஆட்டுக்காசுக்கு நான் போட்டுக் கொடுத்த ரசீதை மட்டும் அந்த அக்கா இன்னும் வச்சிருக்காங்க. டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்துக் காட்டினாங்க. என் கையெழுத்துதான்.

கடைசியா, இது என் சாவி. ஏழு வருஷமா ஒளிச்ச விஷயத்தை இன்னைக்கு உங்க முன்னாடி சொல்லிட்டேன். இவ கையில் சாவி வேண்டாம்னு யாருக்காவது தோணினா, என்கிட்ட நேரா சொல்லுங்க, இல்லைன்னா தலைவி அக்காகிட்ட சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். நேத்து ராத்திரி வரைக்கும் கணக்கு எழுதி முடிச்சிருக்கேன். ரொக்க இருப்பும் வங்கிப் புத்தகமும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கு. ஒரே தடவைதான் எண்ணினேன்.

தீர்மானத்தை ஏற்கிறவங்க கையைத் தூக்குங்க. எழுதிக்கிறேன்.